காலி டப்பாவும் கல்யாண பிரியாணியும்

எனக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. பால்காரர் தண்ணீர் கலக்கிறார் என்று சந்தேகப்படுவேன். கலக்கவில்லை என்று தெரிந்தால், ஏன் கலக்கவில்லை என்று சந்தேகப்படுவேன். (வியாதிதான். மருந்து கிடையாது.)

அக்கா மகள் நஸ்ரினுக்கு முதலியார்பேட்டை மண்டபத்தில் நிக்காஹ். அக்கா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "சாப்பாட்ட நீ பாத்துக்கடா. மாப்ள வூட்டுக்காரங்க ஒரு கொறை சொல்லக் கூடாது."

மண்டபத்தின் பின்பக்கம் சமையல் மாஸ்டர் காதர் கேஸ் சிலிண்டர்களை இறக்கி வைத்திருந்தார். துருப்பிடித்த சிலிண்டர்கள். சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். நாய் மாதிரி மோந்தும் பார்த்தேன். கசிவு இல்லை. அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை.

"எங்க வாங்கினது இது?"

"ஏஜென்சிலதான் பாய்."

"வெடிச்சா தெருவே போயிடும். எல்லாத்தையும் வெளியில தூக்கு. வெறகுல ஆக்கு."

முணுமுணுத்துக்கொண்டே தூக்கினார். விறகடுப்பில் அண்டாவை ஏற்றி, தம் போட்டுவிட்டு, டீ குடிக்கப் போனார்.

நான் சும்மா இருந்தேனா? அடுப்புக்குப் பக்கத்தில் குப்பை கிடந்தால் ஆபத்து என்று மணப்பெண் அறைக் குப்பையையும் சேர்த்து அள்ளினேன். அதில் மச்சான் பாரீசிலிருந்து கொண்டுவந்த ஹேர் ஸ்ப்ரே டப்பா ஒன்று. ஆட்டிப் பார்த்தேன், சத்தமில்லை. காலி. மொத்தத்தையும் அடுப்பில் போட்டேன்.

காலி டப்பா காலியே இல்லை என்று அன்றுதான் தெரிந்தது. ஸ்ப்ரேயை வெளியே தள்ளும் வாயு கொஞ்சம் உள்ளேயே தங்கிவிடும். சூட்டில் அதன் அழுத்தம் ஏறும். போக வழியில்லாமல் தகரத்தைக் கிழித்துக்கொண்டு வரும்.

வந்தது. கொள்ளிக்கட்டை பறந்தது. அண்டா சாய்ந்தது. பிரியாணி முழுக்கத் தரையில். என் புருவத்தில் பாதியைக் காணோம்.

காதர் டீ கிளாசோடு ஓடி வந்தார். அண்டாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பாய், சிலிண்டர் எல்லாம் வெளியிலதானே இருக்கு?"

கிழிந்த டப்பாவைக் காலால் சாம்பலுக்குள் தள்ளினேன்.

மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் தெருமுனைக் கடைப் பரோட்டாவைச் சாப்பிட்டார்கள். கிளம்பும்போது மாப்பிள்ளையின் அப்பா, "வேட்டு போட்டு வரவேத்தீங்க, சந்தோஷம்," என்றார். அக்கா என்னோடு பேச ஒரு ரம்ஜான் கடக்க வேண்டியிருந்தது.

இன்றைக்கும் நஸ்ரின் தன் வீட்டுச் சமையலறை வாசலில் என்னை நிறுத்திவிடுவாள். "மாமா, ரெண்டு கையையும் காட்டுங்க."

காட்டுகிறேன். உள்ளே போனதும் முதல் வேலையாக அவள் வீட்டு கேஸ் டியூபை மோந்து பார்க்கிறேன்.