செத்த அரசிக்கு நாடி பார்த்தவர்

டாக்டர்களில் இரண்டு வகை உண்டு. உயிரோடிருப்பவரைப் பார்ப்பவர்கள் ஒரு வகை. இருநூறு வருடங்களுக்கு முன் செத்த ராஜா ராணிகளைப் பார்ப்பவர்கள் இன்னொரு வகை. பின்னவர்களுக்கு வசதி அதிகம். நோயாளி மறுத்துப் பேசமாட்டார், மருந்து கேட்கவில்லை என்று திரும்பி வரவும் மாட்டார்.

ரியோவில் நாற்பது வருடம் படையும் சொறியும் பார்த்து ஓய்வுபெற்ற ஒடிலோன் இரண்டாம் வகை. போர்ச்சுகலிலிருந்து கப்பலேறி வந்து இந்த ஊரிலேயே கண்ணை மூடிய பைத்தியக்கார அரசி மரியாதான் அவருடைய ஒரே நோயாளி. கணவர் போனார், மூத்த மகன் போனான், பாவமன்னிப்புப் பாதிரியாரும் போனார், அரசி அலறத் தொடங்கினாள். இதற்குப் போன வருடப் புத்தகத்தின்படி ரத்தத்தில் கோளாறு. இந்த வருடப் புத்தகத்தின்படி மூளையில். கதையை எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில்தான் முடிப்பார்: பிரெஞ்சுப் படைக்குப் பயந்து அரண்மனையே துறைமுகத்துக்குப் பறந்த அன்று, ‘மெதுவா ஓட்டு, ஓடிப்போறோம்னு நினைச்சுக்கப் போறாங்க’ என்று வண்டிக்காரனிடம் சொன்னாளாம். அந்தக் கூட்டத்தில் தெளிவாக இருந்தது அவள் ஒருத்திதான் என்று பெருமூச்சு விடுவார். அந்த மாடியில் இதைக் கேட்காத காது இல்லை.

எதிர்வீட்டு ஜந்தீரா லிஃப்ட் பொறியாளர். அப்பாவின் ஏழாம் நாள் பூசை முடிந்து, அம்மா தால்வாவோடு ஒடிலோன் வீட்டுக்குக் காப்பி குடிக்கப் போயிருந்தாள். தால்வா இன்னொரு கோப்பை கேட்டு வாங்கி, பக்கத்துக் காலி நாற்காலிக்கு முன்னால் வைத்து, மூன்று கரண்டி சர்க்கரை போட்டாள்.

ஒடிலோனின் கண் மின்னியது. உயிருள்ள நோயாளி! ஜந்தீராவை ஜன்னலோரம் கூட்டிப்போனார்.

“அரசிக்கும் இப்படித்தாம்மா ஆரம்பிச்சுது. கோர்ட்ல மனு போட்டு, வீடு, பேங்க் எல்லாம் நீயே பொறுப்பெடுத்துக்கோ. அம்மாவ மலைப்பக்கம் ஒரு இல்லத்துல விட்டுடலாம், நல்ல காத்து. அரசியோட இளைய பையனும் ஆட்சிப் பொறுப்ப வாங்கிக்கிட்டான்ல?”

ஜந்தீரா சிரித்திருக்கலாம். முடியவில்லை. அவள் கைப்பையிலும் ஒரு தாள் இருந்தது. லிஃப்ட் பழுதைக் குறிக்கும் அதே படிவத்தில் ஆறு நாளாக அம்மாவைக் குறித்து வந்தாள். ‘செவ்வாய், 7.10. அப்பாவின் செருப்பைத் துடைத்துக் கதவருகே வைத்தாள்.’ காரணம் என்ற கட்டம் மட்டும் காலி. அவர் நீட்டிய வியாதி அதில் கச்சிதமாகப் பொருந்தும்.

பயந்துபோய் அம்மாவின் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தாள்.

“மெதுவா நடடி,” என்றாள் தால்வா. “ஓடிப்போறோம்னு டாக்டர் நினைச்சுக்கப் போறாரு.”

தால்வா வாசற்படியில் திரும்பினாள்.

“அந்தக் காப்பிய ஆறுறதுக்குள்ள குடிச்சிருங்க டாக்டர். அவர் வரமாட்டார்னு எனக்குத் தெரியும்.”

வீட்டுக்கு வந்து ஜந்தீரா காலிக் கட்டத்தை நிரப்பினாள்: ‘அப்பா இல்லை.’

அதிருக்கட்டும். ஒடிலோனுக்கு என்ன வியாதி என்று இதற்குள் முடிவு கட்டியிருப்பீர்களே? நீங்கள் அவரை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.