புகாரே வராத ஒரு மாதம்

படித்தவனுக்குப் புத்தி இருக்கும் என்று இன்னும் நம்புகிறவர்கள் என்னைச் சந்தித்ததில்லை என்று அர்த்தம்.

சென்னையில் சில வருடம் குப்பை கொட்டிவிட்டு, ராமநாதபுரத்தில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனிக்கு மேனேஜராக வந்தேன். சொந்த ஊர் ஆர்.எஸ்.மங்கலம். வயலும் கண்மாயும் தெரியும். கடல் என்றால் அமாவாசைக்குக் குளிக்கிற இடம், அவ்வளவுதான். எங்கள் பெரிய வாடிக்கையாளர், அக்காள்மடம் பக்கம் ஐஸ் கம்பெனி வைத்திருந்த காதர் அண்ணன். கடலுக்குப் போகும் விசைப்படகுகள் அவரிடம் ஐஸ் கேட்டுப் பதிவுசெய்ய ஒரு செயலி செய்து கொடுத்திருந்தோம். அது கொஞ்சம் கேட்டால் நிறைய அனுப்பச் சொல்லும். நிறையக் கேட்டால் கம்மென்று இருந்துவிடும். படகுக்காரர்கள் போனில் கிழிப்பார்கள். அத்தனை வசவையும் வாங்கிக்கொண்டு, எந்தப் படகுக்கு என்ன கோளாறு என்று கம்ப்யூட்டரில் பதிகிறவள் ரஸியா. அவளுடைய வாப்பா துபாயில் வேலை போய்த் திரும்பி வந்திருந்தார். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. இது எனக்குத் தெரியும். (தெரிந்தும் செய்தேன், அதுதான் கொடுமை.)

சேர்ந்த கையோடு என்னை ஒரு பயிற்சி வகுப்புக்கு அனுப்பினார்கள். எதையும் அளப்பதற்கு முன் எந்தக் குறிக்கோளுக்காக அளக்கிறாய் என்று முடிவு செய், அதை எட்டினோமா என்று அறிய என்னென்ன கேட்க வேண்டும் என்று யோசி, அதற்கப்புறம் எண்ணு. இதுதான் பாடம். முதல் இரண்டும் வெட்டிப் பேச்சு, மூன்றாவதுதான் வேலை என்று எனக்குப் பட்டது. நேரே எண்ண ஆரம்பித்துவிட்டேன். வாரத்துக்கு எத்தனை புகார்? அதைக் குறைக்க, ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் சரிபார்த்த பிறகே வெளியிட வேண்டும் என்று சட்டமும் போட்டேன். மார்ச்சில் வரைபடக் கோடு லேசாகச் சரிந்தது. ஏப்ரல் பாதியில் தொப்பென்று விழுந்தது. மே மாதம் ஒரு புகார்கூட இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த மாதம் நான் மதியம் சாப்பிடும் மெஸ்ஸில் மீன் குழம்பைக் காணோம். தினமும் முட்டைக் குழம்பு. அதற்காக மெஸ்காரரிடம் மல்லுக்கு நின்றேனே தவிர, ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

போனே வராத ஆபீஸில் போன் எடுக்க ஆள் எதற்கு? ரஸியாவைக் கூப்பிட்டு, மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொன்னேன்.

"இப்பப் போன் வராதுதான் சார், ஏன்னா..." என்று ஆரம்பித்தாள்.

"காரணமெல்லாம் வேணாம்மா. டேட்டா என்ன சொல்லுது பாரு" என்று திரையை அவள் பக்கம் திருப்பினேன்.

பார்த்தாள். "சரி சார்" என்று போய்விட்டாள். (பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன்கள் ஆளாளுக்கு இருமினார்கள். ஏ.சி. ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.)

ஜூன் பிறந்ததும் என் சாதனையை விளக்க, காதர் அண்ணன் படகு உரிமையாளர்களை ஒரு மண்டபத்துக்கு வரவழைத்தார். உட்கார இடமில்லை. ஆகா, நம் புகழ் பாம்பன் பாலம் தாண்டிவிட்டது என்று பூரித்தேன். முதல் படம், வரும் வழியில் நானே எடுத்தது: கரையோரம் வரிசையாக விசைப்படகுகள், ஏணி போட்டு ஏறிப் பெயிண்ட் அடிக்கும் ஆட்கள். அடுத்த படம் என் கோடு. "நான் வந்த பிறகு புகார் சுத்தமா நின்னுருச்சு" என்று நெஞ்சை நிமிர்த்தினேன். யாரும் கைதட்டவில்லை.

காதர் அண்ணன் தொண்டையைச் செருமினார். "தம்பி, அந்த மொதப் படத்தைத் திரும்பப் போடுங்க."

போட்டேன்.

"போட்டெல்லாம் எங்கன நிக்குது?"

"கரையிலண்ணே."

"ஏப்ரல்ல கட்டுனது தம்பி. ரெண்டு மாசம் மீன்பிடித் தடைக்காலம். கடலுக்கே போகாதவன் ஐஸ் கேப்பானா? ஐஸே கேக்காதவன் உங்களை எதுக்கு வையணும்?"

மண்டபம் வெடித்துச் சிரித்தது. ஒருவர் சிரிப்பு தாளாமல் வெளியே எழுந்து போனார். கடலுக்குப் போகாத இரண்டு மாதத்தில் அவர்களுக்குக் கிடைத்த பெரிய பொழுதுபோக்கு நான்தான். நானும் அசடு வழியச் சிரித்தேன். அதோடு விட்டிருந்தால் இதை வெறும் வேடிக்கைக் கதையாகச் சொல்லிவிட்டுப் போயிருப்பேன்.

"சரி, விடுங்க. போன் எடுக்குமே, அந்தப் புள்ள வரலையா? கடல் தொறந்ததும் அதுக்குத்தான பாடு?" என்றார்.

"நிறுத்திட்டேண்ணே."

சிரிப்பு அப்படியே நின்றது. "அட, என்ன தம்பி இது" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

வெளியே வந்ததும் ரஸியாவுக்குப் போன் போட்டேன். தப்பு என்னுடையது, திரும்ப வந்துவிடம்மா என்று கெஞ்சினேன்.

"ஜவுளிக் கடையில சேந்துட்டேன் சார். சம்பளம் கம்மிதான்."

"அதைவிடக் கூடப் போட்டுத் தாரேன்மா."

"அடுத்த வருசமும் போட்டைக் கட்டுவாக சார். அப்ப என்ன செய்வீக?"

அவள் வரவில்லை. கடல் திறந்ததும் புகார்கள் வந்தன. போனை மாற்றி மாற்றி எடுத்த பையன்களுக்கு எதைப் பதிவது, எதை விடுவது என்று தெரியவில்லை. நான் போட்ட சட்டத்தால் செயலி உண்மையிலேயே தேறியதா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. செயலி தேற வேண்டும் என்பதைத்தான் நான் முதலிலேயே குறிக்கோளாக வைத்திருக்க வேண்டும்.

இந்தக் கதையை ஊரில் இருக்கும் என் அய்யாவிடம் உளறியது நான் செய்த இரண்டாவது முட்டாள்தனம். "ஒரு வாரமா வீட்ல சண்டையே இல்லய்யா" என்று போனில் சொன்னால் போதும், "ஏலே, மருமக ஊருக்குப் போயிருக்காளா?" என்பார். மகள் பள்ளியிலிருந்து புகார் வரவில்லை என்றால் என் மனைவி கேட்பாள்: "ஸ்கூல் லீவாங்க?" எல்லோரும் சிரிப்பார்கள். நானும்தான்.

ஆனால் ஒவ்வொரு ஏப்ரலிலும் ஆபீஸ் போன் அடங்கியதும், இப்போது அந்த நாற்காலியில் இருக்கும் பெண்ணிடம் முதல் ஆளாகப் போய் நிற்பேன். "போட்டைக் கட்டிட்டாகம்மா, போன் வராது. உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிடுவேன். முதல் பாதியைத்தான் அன்றைக்கு ரஸியா சொல்ல வந்தாள். இரண்டாவது பாதியை நான் அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.