நிறுவனருக்குச் சான்று தேவை

என் மனைவியின் கம்பெனியை இணையக் கலைக்களஞ்சியத்தில் ஏற்றியே தீருவது என்று முடிவெடுத்தேன். ஏற்றியும் விட்டேன்.

சந்திரகலா பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் பாத்திக் துணியில் புடவையும் ரவிக்கையும் வடிவமைத்து விற்கிறாள். கம்பெனி பெயர் 'கலாநூல்'. நான் கிள்ளானில் ஒரு கப்பல் ஆபீஸில் கிளார்க். கட்டுரையின் முதல் வரியை மட்டும் கொஞ்சம் அலங்கரித்தேன்: 'தொழிலதிபர் யுகேந்திரன் நிறுவிய ஆடை நிறுவனம்.'

யுகேந்திரன் நான்தான். அவளிடம் சொல்லவில்லை. தானே பார்த்துப் பூரிக்கட்டும்!

சில நாளில் கட்டுரையின் தலையில் ஓர் அறிவிப்பு: 'இந்த நிறுவனம் குறிப்பிடத்தக்கதா? நீக்கலாமா?' போட்டவர் பெயர் 'சாம்பல்குருவி'.

விடுவேனா? நாளிதழில் வந்த செய்தியைக் காட்டினேன். 'அது தீபாவளி விளம்பரம்' என்றார் குருவி. கோயில் விழா மலரில் வந்த பக்கத்தைக் காட்டினேன். 'அந்தப் பக்கம் காசு கொடுத்து வாங்கியது.' பேஸ்புக்கில் குவிந்த லைக்குகளைக் காட்டினேன். 'பாதி சொந்தக்காரர்கள்.'

மனிதருக்கு ஞானதிருஷ்டி! எனக்கு மெய்சிலிர்த்தது.

சாப்பிடும்போது அடக்க முடியவில்லை.

"சந்திரா, ஒரு மகானைப் பார்த்தேன்."

"எங்க, பத்துமலையிலயா?"

"இன்டர்நெட்ல. என்ன அறிவு! என்ன நியாயம்!"

"ஆம்பளையா?"

"பின்ன? இவ்வளவு சட்டம் தெரிஞ்சிருக்கே!"

"ஓ. ரசம் ஊத்தட்டா?"

கடைசியாகக் குருவி எழுதினார்: 'வெளியாட்கள் விரிவாக எழுதும் அளவுக்கு இந்த நிறுவனம் வளரட்டும். அதுவரை நமக்கு நாமே மாலை போட்டுக்கொள்ள வேண்டாம்.'

எனக்குக் கண் கலங்கிவிட்டது. 'ஐயா, கூப்பிய கரங்களுடன் ஒப்புக்கொள்கிறேன். நீக்குங்கள்' என்று என் கட்டுரைக்கு எதிராக நானே வாக்களித்தேன். நீக்கிவிட்டார்கள்.

அப்புறம்தான் அந்த மகான் யாரென்று அறிய அவருடைய பயனர் பக்கத்தைத் திறந்தேன். முதல் வரி: 'நான் சந்திரகலா. கலாநூல் உரிமையாளர். என் நிறுவனம் பற்றிய உரையாடலில் பங்கெடுப்பதால் இதை நான் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.'

கடைக்கு ஓடினேன். கத்தரியோடு நின்றாள்.

"நீயா?"

"நான்தான். நீங்க என் புருஷன்னு எங்கயாவது போட்டீங்களா? போடணும், அதான் விதி."

"உன் கம்பெனிக்குப் பேர் வரட்டும்னுதான்..."

"வரும்போது வரும் லா! ஒரு கஸ்டமர் அந்தப் பக்கத்தைக் காட்டி, 'அப்ப நீங்க இங்க சம்பளத்துக்கு இருக்கீங்களா அக்கா?'ன்னு கேட்டுட்டா. எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

குருவியாக அவள் சொன்ன ஒவ்வொரு நியாயமும் மறுபடி மனதில் ஓடியது. இப்படி ஒரு மூளையோடா இத்தனை வருஷமாக 'யார் பெரியவர்' என்று மல்லுக்கு நின்றேன்?

"நேரா எங்கிட்டயே சொல்லியிருக்கலாமே?" என்றேன், தீனமாக.

"நான் சொன்னா சண்டைக்கு வருவீங்க. முகம் தெரியாத ஐயா சொன்னா கும்பிடுறீங்க."

கும்பிட்டதை வாபஸ் வாங்க ஏதாவது விதி இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை.