வீட்ல கேட்டுச் சொல்றேன்

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நான் படித்தது ஆறாம் வகுப்பு. அதோடு சேக் தாவூது பாய் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். ஒரு சொல் முன்பின் ஆனாலும் விடிந்தால் அவர்கள் முகத்தில்தான் முழிக்க வேண்டும். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

பாய்க்கு ஒன்றரை ஏக்கர் திராட்சைப் பந்தல். யாவாரி விலை கேட்டால் முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வராது. "எனக்குச் சம்மதம்தான். வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்பார். மறுநாள் போய், "அவ ஒத்துக்கல. சோத்துச் சட்டியத் தூக்கி எறிஞ்சுட்டா" என்பார். யாவாரி பரிதாபப்பட்டு கிலோவுக்கு ரெண்டு ரூபாய் ஏற்றுவார். இருபது வருசமாக இதுதான் நடப்பு. வீட்டில் அவர் கேட்டதே கிடையாது.

அவர் வீட்டுக்காரம்மா அம்சத் பீவி அக்காவோ, கோழியைக்கூடக் "கொஞ்சம் தள்ளிக்கம்மா" என்று சொல்கிறவர். கல்யாண வீட்டில் தன்னைக் கண்டதும் சமையல்காரர் ஓடி வந்து உப்பு சரியா என்று கேட்பதும், ரேசன் கடை வரிசை விலகி வழி விடுவதும் ஏன் என்று அவருக்குத் தெரியாது. நல்ல ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

போன வருசம் பழம் முற்றி நிற்கையில் மலைப்பக்கம் கருத்துக்கொண்டு வந்தது. மழை விழுந்தால் பழம் வெடிக்கும். முந்தின வாரத்துத் தூறலிலேயே கிழக்கோரம் ரெண்டு வரிசை போய்விட்டது. மிச்சத்தை வெட்டி விற்றால்தான் மகள் பெனாசிருக்கு நர்சிங் பீஸ் கட்ட முடியும்.

யாவாரி சுருளிராஜன் வந்தார். பாய் அவரை மேற்கோரமாகவே நடத்திக் கூட்டிப்போனார்.

"கெழக்கயும் பாத்துருவோமே, பாய்."

"அங்கன பாம்பு கெடக்கு."

"அப்பச் சரி. கிலோ நாப்பது."

பாய்க்கு நாற்பத்தைந்து வந்தால் போதும். "எனக்குச் சம்மதம்தான் சுருளி. அம்பதுக்குக் கொறஞ்சா அம்மா வீட்டுக்குப் போயிருவேங்கிறா. எதுக்கும் வீட்ல கேட்டுச் சொல்றேன்."

பாய் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வீடு திரும்பினால், உள்ளே சுருளிராஜன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். மேசைமேல் அவர் வாங்கி வந்த குமுளி நேந்திரங்காய்ச் சிப்ஸ் ஒரு பொட்டலம்.

"கோவப்படாதீக, பாயம்மா. அம்மா வீட்டுக்கெல்லாம் போக வேணாம்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"நான் எங்கண்ணே போறேன்?"

"அம்பதுக்குக் கொறஞ்சா போயிருவேன்னீகளாமே. போன தடவ சோத்துச் சட்டிய எறிஞ்சீகளாமே."

அக்கா பாயைப் பார்த்தார். பாய் சிப்ஸைப் பார்த்தார்.

"இவுகளா சொன்னாக?"

"இருபது வருசமாச் சொல்றாக."

கல்யாண வீட்டு உப்பும் ரேசன் கடை வரிசையும் அக்காவுக்கு அப்போதுதான் விளங்கின. பாய் வாய்க்குள் ஓத ஆரம்பித்தார்.

"நாப்பத்திரண்டு தாரேன் பாயம்மா. கெழக்க பாம்பு வேற கெடக்காம். வெட்ட ஆளு வரவே பயப்படுவாக."

"அண்ணே, நான் இதுவரைக்கும் ஒண்ணும் சொல்லல" என்றார் அக்கா மெதுவாக. "இப்பச் சொல்றேன். கெழக்க பாம்பு இல்ல. ரெண்டு வரிச வெடிச்சிருக்கு. அத விட்ருங்க. மத்ததுல பழுதில்ல, காலையில நானே பாத்தேன். நாப்பத்தஞ்சு குடுங்க. ஆனா விடிஞ்சதும் வெட்டணும். அட்வான்சக் குடுத்துட்டு, மழை வரட்டும்னு நாளக் கடத்தி வெலையக் கொறைக்கிற வேல வேணாம்."

சுருளிராஜன் அந்த வேலையை மனசில் வைத்துத்தான் வந்திருந்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"பாய் சொன்னப்பக்கூட இம்புட்டு நெனைக்கல" என்று முனகினார். பிறகு, "பழுத நீங்களே சொல்லிட்டீக. இதுக்கு மேல நான் என்ன பேச?" என்று அட்வான்ஸை அக்கா கையில் கொடுத்தார்.

காலை ஆறு மணிக்கு ஆள் வந்தது. மதியம் வண்டி கிளம்பியது. மூன்று மணிக்குப் பிடித்த மழை ரெண்டு நாள் விடவில்லை. பாய் ஜன்னலில் நின்று அல்லாவுக்கு நன்றி சொன்னார். திரும்பி அக்காவுக்கும் சொன்னார். கண் கலங்கியிருந்தது.

"நன்றி இருக்கட்டும். இனி நான் சொன்னேன்னு சொல்லணும்னா, என்கிட்டக் கேட்டுட்டுச் சொல்லுங்க" என்றார் அக்கா.

இப்போது யாவாரிகள் நேரே வீட்டுக்கு வருகிறார்கள். அக்கா பேசுகிறார். பாய் டீ கொண்டுவந்து வைக்கிறார்.

இதையெல்லாம் எழுதி முடித்தும் எனக்குப் பயம் போகவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று பாயிடமே வாசித்துக் காட்டி, "பத்திரிகைக்கு அனுப்பவா, அண்ணே?" என்று கேட்டேன்.

"எனக்குச் சம்மதம்தான் தங்கச்சி. வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்றார்.

சொல்லிவிட்டு நிஜமாகவே எழுந்து கேட்கப் போனார்.