பின்னால் போகாத இடது கை

பக்கிரியின் இடது தோளில் புது மூட்டு பொருத்தி ஐந்து மாதம் ஆகிறது. கை வானம்வரை போகிறது. இடுப்புக்குப் பின்னால் மட்டும் போகவில்லை. காலைக்கடனின் கடைசிக் கட்டத்துக்கு அது பின்னால் போயே ஆகவேண்டும். அந்த வேலையை வலது கையிடம் ஒப்படைக்கவும் முடியாது. அது சாப்பிடுகிற கை.

இதுவரை கரும்புக்கொல்லை மோட்டார் காப்பாற்றியது. குழாய்க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் மிச்சத்தைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். கரண்டு வருகிற நேரத்துக்கு வயிற்றையும் பழக்கி வைத்திருந்தார். ஆனால் வெள்ளிக்கிழமை பாகூரில் சம்பந்தி வீட்டுக் கிரகப்பிரவேசம். மூன்று நாள் தங்கவேண்டும். புது வீடு, புது டைல்ஸ். கொல்லை மோட்டார் கிடையாது.

“கை பின்னாடி போவல அமுதம்,” என்றார் மனைவியிடம்.

“பின்னாடி இன்னா, புதையலா இருக்குது? மேல போவுதுல்ல? பரண்ல இருக்கற அண்டாவ எறக்கு. சீருக்கு வேணும்.”

இறக்கினார்.

“அப்டியே ஒட்டடையும் அடிச்சிடு.”

அடித்துவிட்டு மருமகன் கலைவேந்தனுக்குப் போன் செய்தார். மருமகனிடம் எல்லாவற்றையும் சொல்ல முடியாது. “மாப்ள, பின்பக்கம் கை எட்டல. ரொம்ப கஷ்டமா இருக்குது” என்பதோடு நிறுத்தினார்.

“புரியுது மாமா. நீங்க சொல்லவே வேணாம்.”

பக்கிரிக்குக் கண் கலங்கியது. மாலையே வில்லியனூர் கடையிலிருந்து ஒரு முதுகு சொறியும் மரக்கை வந்து சேர்ந்தது. நுனியில் ஐந்து விரல்கள், நல்ல கூர்மை. அந்தக் கூர்மையைக் கொஞ்ச நேரம் யோசனையோடு பார்த்துவிட்டு அதைப் பரணில் வைத்தார்.

அடுத்து, பிசியோதெரபிஸ்ட் வெண்ணிலா.

“பின்னாடின்னா எதுவரைக்கும் போவணும் ஐயா?”

“ஒரு அளவுக்கு போனா போதும்மா.”

ஒரு துண்டின் இரு முனைகளையும் முதுகுக்குப் பின்னால் பிடித்து, வலது கையால் மேலே இழுக்கச் சொன்னாள். வீட்டுக்கு வந்தால் பிடி நழுவியது. துண்டின் முனைகளை இரண்டு மணிக்கட்டோடும் சேர்த்துக் கட்டிவிடும்படி அமுதத்திடம் சொன்னார். அவள் மாட்டுக்குப் போடும் முடிச்சாகப் போட்டுவிட்டு மாவு அரைக்கப் போய்விட்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் சம்பந்தி குமரவேல் பத்திரிகை வைக்க வந்தார். வெற்றிலை பாக்குத் தட்டை நீட்டினார். இரண்டு கையாலும் வாங்குவதுதான் மரியாதை. பக்கிரியின் இரண்டு கையும் முதுகுப் பக்கம் துண்டில் கட்டுண்டு கிடந்தன.

“இன்னா சம்பந்தி, வாங்க மனசில்லியா?”

“மனசு இருக்குது. கைதான் காலியா இல்ல.”

குமரவேல் தட்டைத் தரையில் வைத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். இனி கிரகப்பிரவேசத்துக்குப் போகாமலும் இருக்க முடியாது. போகாவிட்டால் அது சண்டை என்றே ஆகிவிடும்.

வியாழக்கிழமை காலை, ஆபரேஷன் செய்த டாக்டர் முன் உட்கார்ந்திருந்தார். கூடவே அமுதமும்.

“இது ரிவர்ஸ் மூட்டுங்க ஐயா,” என்றார் டாக்டர். “உங்க தோள் தசை கிழிஞ்சு போயிருந்துச்சு. அதனால கிண்ணம் இருந்த எடத்துல பந்து, பந்து இருந்த எடத்துல கிண்ணம். அந்தப் பந்தோட அளவு, கிண்ணத்தோட சாய்வு, இத வெச்சுதான் கை எந்தப் பக்கம் எவ்ளோ போவும்னு அமையும். உங்களுக்கு வெச்சது மேல தூக்கறதுக்குத் தோதானது. பின்னாடி கம்மியாதான் போவும்.”

“எனக்கு எந்தப் பக்கம் போவணும்னு மின்னாடியே ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல சார்?”

ஐந்து மாத எரிச்சலில் எழுந்தே விட்டார்; இடது கை தானாக மேலே போனது. சுழலும் மின்விசிறிக்கு ஒரு சாண்தான் பாக்கி.

டாக்டர், நர்ஸ் ஸ்டெல்லாவைப் பார்த்தார். ஸ்டெல்லா பைலைப் புரட்டினார். அமுதம் எழுந்து ஜன்னலோரம் போய், வெளியே நின்ற ஆம்புலன்ஸை அக்கறையாகப் பார்க்கத் தொடங்கினாள்.

“கேட்டோமேங்க ஐயா,” என்றார் ஸ்டெல்லா. “பாத்ரூம் கேள்வி வந்ததும் வெக்கப்பட்டு டீ குடிக்கப் போயிட்டீங்க. அம்மாதான் பதில் சொன்னாங்க, இங்க எழுதியே வெச்சிருக்கேன்: ‘பின்னாடி போவாட்டி பரவால்ல, பரணுக்கு எட்டணும்.’”