சாம்பிராணி பஸ்

புதிய தடத்தில் பேருந்து ஓடத் தொடங்குவதற்கு முன்னால் வண்டி, பாதை, எரிபொருள் ஆகிய மூன்றையும் தகுதி பெற்ற பொறியாளர் ஒருவர் நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். பொறியாளர் இல்லாதபோது அவருக்காக வேறு யாரும் கையெழுத்திடக் கூடாது. மலாக்கா நகர அலுவலகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் மனப்பாடம் செய்த விதிகளில் இதுவும் ஒன்று. நல்ல விதி. அதன் இரண்டாவது வாக்கியத்தை எழுதியவர் என்னைப் போன்ற ஒருவனை எங்கேயோ பார்த்திருக்க வேண்டும்.

ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் பொறியாளர் சிறையில் இருந்தார். வெள்ளைக்காரராகப் பிறந்ததுதான் குற்றம். அவருடைய நாற்காலியும் முத்திரையும் என் அறைக்கு வந்துவிட்டன. (நாற்காலி தானாக வரவில்லை. நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன்.) எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. உலகப் போர் ஒன்று நடந்துகொண்டிருப்பது உண்மைதான் என்றாலும், மூன்று நகல் எடுத்து, ஓரத்தில் இடம் விட்டு எழுதினால் தீராத பிரச்சினை எதுவும் கிடையாது என்று உறுதியாக நம்பினேன்.

பிரச்சினை என் அக்காவின் கால். அக்காவும் நானும் நகரத்துக்கு வெளியே காஜா பேராங்கில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அரிசி கிடைக்காத காலம். கொல்லையில் மரவள்ளி தோண்டும்போது கம்பி கீறியது. கீறல் புண்ணானது, புண் குழியானது. அந்த நாட்களில் ஊரில் பாதிப் பேருக்கு இப்படிக் கால் புண் இருந்தது. சிலருக்குக் காலே போனது. ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டு மாற்ற வேண்டும், தவறினால் பொறுப்பில்லை என்று அங்கே சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரி நகரத்தின் மறுபக்கம். அக்காவால் வாசல் வரை நடப்பதே பெரும்பாடு. என் சைக்கிளுக்கு டயர் கிடைக்காமல் ரப்பர்த் தண்ணீர்க் குழாயை வெட்டிச் சுற்றியிருந்தேன். அதில் ஒருமுறை உட்கார்ந்து போய்வந்த அக்கா, "காலை வெட்டினாலும் பரவாயில்லை, இதுல மறுபடி ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

போருக்கு முன்னால் எங்கள் பக்கம் பஸ் வந்துகொண்டிருந்தது. பெட்ரோல் போனதும் பஸ்ஸும் போனது. மிஞ்சியிருந்த ஒரே வண்டிக்குப் பின்னால் ஒரு பெரிய பீப்பாயைக் கட்டி, அதில் கரியைக் கனலவிட்டு, அந்தப் புகையில் ஓட்டினார்கள். அதுவும் நகரத்துக்குள் மட்டும்.

ஆகவே நான் ஒரு திட்டம் எழுதினேன். 'காஜா பேராங் புறநகர்ப் பேருந்துச் சேவை விரிவாக்கம்: தேவை, தடம், நிதி ஆதாரம்.' மூன்று நகல். போக்குவரத்துக்குப் பொறுப்பான ஜப்பானிய அதிகாரி முன்னால் இடுப்பு வளைய வணங்கி, இரண்டு கையாலும் நீட்டினேன். அவர் வாங்கித் தன் தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைத்தார். அவருக்குக் கொஞ்சம் மலாய் தெரியும்.

"பஸ் அடா. டிரைவர் அடா. ஆராங் தாடா," என்றார். பஸ் இருக்கிறது, டிரைவர் இருக்கிறான், கரி இல்லை. பிறகு வாசலைக் காட்டினார். கரி கொண்டுவா, ஓட்டிப் பார்க்கலாம் என்று அதற்குப் பொருள்.

வேறு யாராக இருந்தாலும் சோர்ந்துபோயிருப்பார்கள். நான் பூரித்துப்போனேன். ஊர் மக்கள் பாதியைத் திரட்டினால் அரசாங்கம் மீதியைத் தரும் என்ற பழைய மானிய விதியின்படியே அவர் பேசியதாக எனக்குத் தோன்றியது. பணத்துக்குப் பதில் கரி, அவ்வளவுதானே?

எங்கள் பக்கத்து வீட்டில் பீபிக் இருந்தார்; வயதில் மூத்த பெண்களை அவர்கள் சமூகத்தில் அப்படித்தான் அழைப்பார்கள். பல தலைமுறைக்கு முன் வந்து குடியேறிய தமிழ் வணிகர்களின் வழிவந்த மலாக்கா செட்டிகள் சமூகத்து அம்மாள். மலாய்ப் பெண்களைப் போலக் கெபாயாச் சட்டையும் சாரோங்கும் உடுத்தி, நெற்றியில் திருநீறு பூசி, மலாயில் பேசுபவர். சாமி, சோறு, அக்கா என்று சில தமிழ்ச் சொற்கள் நடுவில் வந்துபோகும். அவர் சொன்னதாக நான் இங்கே எழுதுவதெல்லாம் என் மொழிபெயர்ப்பு. (வசவுகளைக் குறைத்திருக்கிறேன்.)

"கரியா? சமைக்கிற கரியைக் கேட்டால் உன்னைத்தான் அடுப்பில் வைப்பார்கள், கிராணி," என்றார்.

"பீபிக், இது பொதுமக்கள் பங்களிப்பு. நிதி ஆதாரம் இல்லாமல் திட்டம் இல்லை."

"யாருக்காக பஸ்?"

"புறநகர்வாசிகளின் பொது நலனுக்காக."

பீபிக் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அக்கா காலுக்காக என்று சொல்லத் தெரியாதா உனக்கு? போ. கரி வரும்."

வந்தது. இரண்டு நாளில் தெருவின் எல்லா வீடுகளிலிருந்தும் பிஸ்கட் டின்களில் கரி வந்து எங்கள் வாசலில் குவிந்தது. நான் மேசை போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு டின்னையும் நிறுத்து, ரசீது கொடுத்தேன். எடைக்கு ஒரு பத்தி இருந்தது, கொடுத்தவர் பெயருக்கு ஒரு பத்தி இருந்தது. வாசனைக்குப் பத்தி இல்லை. ஆகவே வீடு முழுக்க வெள்ளிக்கிழமை மணம் அடித்தது பற்றி நான் எதுவும் குறித்துக்கொள்ளவில்லை.

விஷயம் இதுதான். அந்தத் தெரு வீடுகளில் வெள்ளிக்கிழமை தூபத்துக்கும், முன்னோர் படையலான பார்ச்சுக்கும் தூபக்காலில் கரி மூட்டிச் சாம்பிராணி போடுவார்கள். மிஞ்சும் கரியைக் குப்பையில் கொட்ட மாட்டார்கள். சாமிக்கு முன் எரிந்த கரி அல்லவா? டின்னில் சேர்த்துவைப்பார்கள். சமையலுக்கு அதைத் தொடுவதில்லை. வருஷக்கணக்கில் சேர்ந்த அந்தக் கரியைத்தான் அக்கா காலுக்காக மனமுவந்து கொடுத்திருந்தார்கள். உருகி உறைந்த சாம்பிராணியும் அதிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. போதாதென்று, முதல் ஓட்டம் நல்லபடியாக அமையட்டும் என்று பீபிக் ஒவ்வொரு மூட்டையிலும் தன் பங்குக்கு இரண்டு கைப்பிடி புதுச் சாம்பிராணி போட்டுக் கட்டினார். நான் பக்கத்தில் நின்று மூட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

எரிபொருள் சோதனைப் படிவத்தில் 'நன்று' என்று எழுதி, 'பொறியாளருக்காக' என்று போட்டு, கையெழுத்திட்டு, முத்திரையும் குத்தினேன். நாற்காலியில் கொஞ்சம் சாய்ந்துகொண்டேன்.

கரி சேர்ந்துவிட்டது என்று அதிகாரியிடம் சொன்னதும், சோதனை ஓட்டம் காலை எட்டு மணிக்கு என்று உத்தரவு வந்தது. கடிகாரங்களையெல்லாம் டோக்கியோ நேரத்துக்கு மாற்றிவைத்திருந்த காலம் அது. சூரியன் மட்டும் அந்த உத்தரவைப் படிக்கவில்லை. எட்டு மணிக்கு அப்போதுதான் கீழ்வானம் வெளுத்தது. தேவை இருக்கிறது என்று காட்ட வேண்டுமே என்று தெருப் பெண்களையெல்லாம் பயணிகளாக வரச் சொல்லியிருந்தேன். அக்காவைத் தூக்கிவந்து பின்வரிசையில் காலை நீட்டி உட்காரவைத்தோம். அதிகாரி முன்னால் வாளோடு உட்கார்ந்தார்.

டிரைவர் மாணிக்கம் பீப்பாய் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். "கிராணி, இது என்ன கரி?"

"சோதிக்கப்பட்ட கரி."

"யாரு சோதிச்சா?"

"பொறியாளர்."

"அவர்தான் உள்ளே இருக்காரே லா."

"ஓட்டுங்க அண்ணே."

ஓட்டினார். வண்டி நன்றாகவே கிளம்பியது. அதைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. பின்னாலிருந்து வெள்ளைப் புகை சுருள் சுருளாக எழுந்தது. காஜா பேராங் சாலை முழுக்க சாம்பிராணி கமகமத்தது. விடிகிற நேரம், தூப வாசனை, அசைந்து அசைந்து வரும் ஒரு பெரிய உருவம். வீடுகளிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். அம்மன் ஊர்வலம் என்று நினைத்துக் கைகூப்பி வணங்கினார்கள். ஒருவர் தட்டில் கற்பூரம் ஏற்றிக்கொண்டு கூடவே ஓடிவந்தார்.

ஜப்பானியருக்கு முன்னால் எல்லோரும் வணங்க வேண்டும் என்பது அந்தக் காலச் சட்டம். வணங்காதவருக்கு அறை. இத்தனை அன்போடு யாரும் தன்னை வணங்கி அதிகாரி பார்த்திருக்க மாட்டார். முகம் மலர்ந்து இரண்டு பக்கமும் தலையசைத்து ஏற்றுக்கொண்டு வந்தார். கற்பூரத் தட்டுக்காரர் அவரைத் தாண்டிப் போய் வண்டியின் பின்பக்கத்துப் பீப்பாய்க்கு ஆரத்தி காட்டியபோதுதான் அவர் முகம் மாறியது.

சரியாக அந்த நேரம் பார்த்து வண்டி இருமியது. ஒரு சின்ன ஏற்றம். இரண்டு இருமல், ஒரு விம்மல், நின்றுவிட்டது. மாணிக்கம் இறங்கி எஞ்சினைத் திறந்தார். விரலை விட்டு எடுத்துக் காட்டினார். வெல்லப்பாகு போல ஒட்டிக்கொண்டு இழுத்தது.

"சாம்பிராணி கிராணி, சாம்பிராணி! வால்வு எல்லாம் ஒட்டிக்கிச்சு. இனி இதுக்குச் சூடம்தான் காட்டணும்."

அதிகாரி இறங்கினார். கரியைச் சோதித்தது யார் என்று கேட்டார். நான் படிவத்தை எடுத்து நீட்டினேன். (எதற்கு நீட்டினேன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. கேட்டால் படிவம் நீட்டுவது என் ரத்தத்தில் இருந்தது.) "பாகேரோ!", அதாவது முட்டாளே, என்று ஒரு அறை விட்டார். கையெழுத்தை மறுபடி பார்த்து, பொறியாளர் எங்கே என்றார். இல்லை என்றேன். இன்னொரு அறை. இரண்டாவதை நான் பொறியாளருக்காகப் பெற்றுக்கொண்டேன்.

வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் நகரத்துப் பணிமனையில் சேர்க்க உத்தரவாயிற்று. அவர் ஏறி உட்கார்ந்துகொண்டார். அக்காவால் இறங்க முடியாது, அவளும் உள்ளே. மற்ற எல்லோரும் தள்ளினோம். சாரோங்கைத் தூக்கிச் செருகிக்கொண்டு பெண்கள் தள்ள, பயணிகளே வண்டியைத் தள்ளிச் செல்லும் ஒரு பொதுப் போக்குவரத்தை மலாக்கா அன்றுதான் கண்டது.

ஆஸ்பத்திரி வாசல் வழியாகத்தான் போக வேண்டும். அக்கா ஜன்னல் வழியாக அந்த வாசலைப் பார்ப்பதை நான் பார்த்தேன். கட்டு மாற்றி நான்கு நாளாகியிருந்தது. முந்தின இரவு காய்ச்சல். இன்று உள்ளே போகாவிட்டால் இனி எப்போது என்று தெரியாது. இங்கே நிறுத்தலாமா என்று மேலதிகாரியிடம் எந்த வடிவில் விண்ணப்பிப்பது என்று யோசித்துக்கொண்டே தள்ளினேன். வாசல் நெருங்கியது. யோசித்துக்கொண்டே இருந்தேன்.

பீபிக் கையை எடுத்துவிட்டார். "சுடா," என்றார். போதும் என்று பொருள். மற்ற பெண்களும் கையை எடுத்தார்கள். வண்டி வாசலுக்கு நேராக நின்றது.

உள்ளேயிருந்து அதிகாரி கத்தினார். கதவைத் திறந்துகொண்டு வந்தார். கை வாளின் பிடியில் இருந்தது. பீபிக் அவரைப் பார்த்து இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார். நிமிரவில்லை. பின்னாலேயே அத்தனை பெண்களும் வரிசையாகக் குனிந்தார்கள். யாரும் நிமிரவில்லை.

அவர் என்ன செய்வார்? வணங்குகிறவர்களை அடிக்க வழியில்லை; வணங்கச் சொன்னதே ஜப்பானியர்தான். வணங்கிக்கொண்டே தள்ளவும் முடியாது. தள்ளச் சொன்னால் வணக்கத்தை நிறுத்தச் சொன்னதாகும். அவர் பதிலுக்குத் தலையசைத்தார். அவர்கள் இன்னும் தாழ்ந்தார்கள். அவர் இன்னொரு முறை தலையசைத்தார்.

குனிந்தபடியே பீபிக் என் காலில் ஒரு உதை விட்டார். "மரமே, அக்காவைத் தூக்கு!"

தூக்கிக்கொண்டு ஓடினேன்.

வாசலில் நின்ற, புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரெஸ்ஸர், ஜப்பானிய அதிகாரி கூட வந்த வண்டியிலிருந்து ஒரு பெண்ணை இறக்கியதையும், வெளியே ஊரே குனிந்து நிற்பதையும் பார்த்தார். யாரோ மிகப் பெரிய இடம் என்று முடிவு கட்டினார். அதுவரை படுக்கை இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு ஜன்னலோரப் படுக்கை கிடைத்தது. இன்னும் சில நாள் தாமதித்திருந்தால் முழங்காலுக்குக் கீழே எடுத்திருப்போம் என்று டாக்டர் பிறகு சொன்னார். கால் தப்பியது. ஒரு கையகலத் தழும்பு மட்டும் மிச்சம்.

நான் திரும்பி வந்து வண்டியைத் தள்ளினேன். என்ன இருந்தாலும் உத்தரவு உத்தரவுதானே.

மறுநாள் சோதனை ஓட்ட அறிக்கையை இணைத்து, 'எரிபொருளின் தரத்தைச் சற்றே மேம்படுத்தி' சேவையைத் தொடர அனுமதி கேட்டு, காஜா பேராங் முகவரியிட்டு, ஒரு விண்ணப்பம் எழுதிக் கோப்பில் சேர்த்தேன். பதில் இல்லை. ஜப்பானியர் போனார்கள். வெள்ளைக்காரர்கள் திரும்பி வந்தார்கள், அவர்களும் போனார்கள். காஜா பேராங்குக்கு யாரும் விண்ணப்பிக்காமலே பஸ் வந்தது. எங்கள் வீட்டில் இன்றும் யாராவது தாமதமாக வந்தால், சாம்பிராணி பஸ்ஸில் வருகிறார் என்பார்கள். பேரப்பிள்ளைகளின் கல்யாண வீடுகளில் தூபம் போட்டால் அக்கா மூக்கை உறிஞ்சி, "டேய், உன் பஸ் வந்துடுச்சு பாரு" என்பாள்.

ஓய்வு பெறும் அலுவலர் தம் பிரிவில் முடிவு காணாத கோப்புகளைத் தீர்த்துவிட்டே போக வேண்டும் என்று ஒரு விதி உண்டு. என் கடைசி வாரத்தில் அலமாரியின் அடித்தட்டிலிருந்து அந்த விண்ணப்பம் வந்தது. நான் பதில் எழுதினேன்: "தங்கள் விண்ணப்பம் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. குறிப்பிட்ட தடத்தில் ஏற்கெனவே பேருந்துகள் ஓடுவதால் கோரிக்கையை ஏற்க இயலாமைக்கு வருந்துகிறோம்."

தட்டச்சு செய்த பெண் தயங்கி நின்றாள். "சார், இது உங்க பேருதானே?"

"விண்ணப்பதாரர் வேறு, அலுவலகம் வேறு. தபாலில் சேர்த்துடும்மா."

சேர்த்தாள். வீட்டு வாசலில் அதை வாங்கிப் பிரித்தது அக்கா. படித்து முடித்து, காலை ஆட்டிக்கொண்டே, "கால் ஆறிடுச்சுன்னு பதில் போடுடா. மூணு நகல்" என்றாள்.

அலுவலகத்தின் பதில் வந்து சேர்ந்த நாள்: நான் ஓய்வு பெற்றதற்கு மறுநாள், சனிக்கிழமை, காலைத் தபாலில்.