தூங்காத வண்டியும் மில்லி பாயும்

வண்டிகள் எல்லாம் தூக்கத்தில் எதையோ திருடித் தின்கின்றன என்று இந்தப் பூமியில் மனப்பூர்வமாக நம்பும் ஒரே மனிதர் எங்கள் திருத்தணி மில்லி பாய்தான்.

நிஜப் பெயர் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வண்டிகளுக்கு எலெக்ட்ரிக் வேலை பார்க்கும் கடை. நிறுத்திவைத்த வண்டியில் பேட்டரி எவ்வளவு கசிகிறது என்று மீட்டர் வைத்து மில்லியாம்பியரில் அளப்பார். "இருபது மில்லி நியாயம், எரநூறு மில்லி அநியாயம்" என்று தீர்ப்புச் சொல்வார். அதனால் மில்லி பாய். மதுவைத் தொட்டே அறியாதவர். ஆனால் வெளியூர்க்காரர்கள் வந்து "மில்லி கடை எங்கே?" என்று கேட்டால், நம் மக்கள் நல்ல மனதோடு ஒயின்ஷாப்புக்கு வழிகாட்டிவிடுவார்கள்.

திருவாலங்காட்டுக் கரும்பு லாரி ஒன்று தினமும் காலையில் கிளம்ப மறுத்தது. பாய் அரை நாள் அதன் பக்கத்தில் குந்தியிருந்து காரணத்தைக் கண்டுபிடித்தார். டிரைவர் சீட்டுக்கு முன்னால் இருந்த முருகர் படத்தைச் சுற்றி இரவும் பகலும் எரியும் சீரியல் பல்பு.

"சாமி லைட்ட அணைக்க முடியாது பாய்" என்றார் டிரைவர்.

"மலமேல இருக்கிற முருகருக்கே நடை சாத்தறாங்க இல்ல? உன் முருகருக்கு மட்டும் இருவத்திநாலு மணி நேரமும் ட்யூட்டியா?"

டிரைவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அன்று முதல் அந்த லாரியில் சாவியைத் திருகினால்தான் சாமிக்கு வெளிச்சம்.

ஒருமுறை ஏதோ சான்றிதழுக்காக எங்கள் தாலுகா ஆபீசுக்கு வந்தவர், காத்திருந்த நேரத்தில் மேசை மேசையாகப் போய், சும்மா சொருகியிருந்த போன் சார்ஜர்களை எல்லாம் பிடுங்கி வைத்துவிட்டார். அதில் ஒன்று தாசில்தாருடையது. சான்றிதழ் கொஞ்சம் தாமதமாகத்தான் கிடைத்தது.

இப்படிப்பட்டவரிடம்தான் பாவாவின் கார் போய்ச் சேர்ந்தது.

பாவா என் அக்கா வீட்டுக்காரர். அக்காவும் நானும் ஒரே வீட்டில்தான். மஸ்கட்டில் வேலை. 'இந்த வருஷம் வந்துடறேன்' என்று சொல்லியிருந்தவர், அக்காவைக் கேட்காமலே இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். சமாதானமாக, சென்னையில் யாரோ ஓட்டிய ஒரு காரை வாங்கி வாசலுக்கு அனுப்பிவைத்தார். பெட்ரோலிலும் ஓடும், சுவரில் சொருகிச் சார்ஜ் ஏற்றினால் கரண்டிலும் ஓடும்.

"ஆளு வரல, வண்டி வருதா?" என்றாள் அக்கா. அதற்குப் பிறகு ஒரு மாதமாகப் பாவாவோடு பேச்சில்லை. அவர் எழுதி அனுப்புவதற்கெல்லாம் ஒரே பதில், 'ம்'. பள்ளிப்பட்டில் அவள் டீச்சராக இருக்கும் பள்ளிக்கு எப்போதும்போல பஸ்ஸிலேயே போய்வந்தாள். காரில் ஏறிக்கூடப் பார்க்கவில்லை.

நின்ற இடத்திலேயே கார் வாரத்துக்கு ஒருமுறை செத்துப்போனது. கதவுகூடத் திறக்காது. கம்பெனி ஆட்கள் இரண்டு முறை வந்து பேட்டரியை மாற்றியும் அதே கதை. கடைசியில் பாயை வீட்டுக்கே அழைத்துவந்தேன்.

"பெரிய பேட்டரி ஃபுல்லா இருக்குதே பாய், அப்புறம் ஏன்?" என்று கேட்டேன்.

"இதுல ரெண்டு பேட்டரி சார். அடியில இருக்கிறது யானை. இந்தச் சின்னது பாகன். பாகன் மயங்கி வுழுந்துட்டா யானைய யாரு கிளப்பறது? பாகன் ரத்தத்த எவனோ உறிஞ்சிகினு இருக்கிறான்."

முதல் சந்தேகம் சாவி மேல். அது வீட்டு ஜன்னல் ஓரத்து ஆணியில், காருக்கு இரண்டடி தூரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. "சாவி பக்கத்துல இருந்தா ஓனர் வந்துட்டாருன்னு வண்டி முழிச்சிகினே இருக்கும்" என்று அதை உள் அறைக்கு நாடு கடத்தினார். கசிவு குறைந்தது, நிற்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை காலையிலேயே முக்காலி, மீட்டரோடு வந்து காரின் முன்னால் உட்கார்ந்தார். கார் தூங்க வேண்டும், தூங்கினால்தான் திருடன் வருவான். தெருவே அமைதி காக்க வேண்டியதாயிற்று. பால்காரரிடம் "மணி அடிக்காத நைனா" என்று கெஞ்சினார். எதிர்வீட்டுக் குக்கர் விசிலடித்தபோது அவர் பார்த்த பார்வையில் அடுத்த விசில் வரவில்லை. கார் காதால் கேட்காது என்று நான் சொல்லிப்பார்த்தேன். "உனக்குத் தெரியுமா சார்?" என்றார். எனக்குத் தெரியாது.

மீட்டர் இருபதுக்கு இறங்கியது. "தூங்கிடுச்சி" என்று கிசுகிசுத்தார். திடீரென்று முள் எகிறியது. யாரும் தொடவில்லை. சாக்பீஸால் எங்கள் காம்பவுண்டுச் சுவரில் 10.40 என்று எழுதினார். பிறகு 11.05. பிறகு 11.50, 12.10. மலைக்குப் போன பக்தர் ஒருவர் சுவரைப் பார்த்து நின்று, "அரக்கோணம் வண்டி அடுத்து எத்தினி மணிக்குங்க?" என்று கேட்டார்.

மதியத்துக்கு மேல் பாய் நெற்றியைத் தட்டிக்கொண்டார். "இந்த வண்டி யார் போன்லனா தெரியுமா?"

"பாவா போன்ல தெரியும். அதுக்குன்னு ஒரு ஆப் வெச்சிருக்காரு."

"போடு அவருக்கு. ஸ்பீக்கர்ல போடு."

பாவா எடுத்தார். பாய் நலம்கூட விசாரிக்கவில்லை. "சார், நம்ம ஊரு நேரம் பதினொன்னு அஞ்சுக்கு இன்னா பண்ணிகினு இருந்தீங்க?"

"டீ குடிச்சிகினு இருந்தேன். யாருங்க நீங்க?"

"டீ குடிச்சிகினே போன்ல வண்டியப் பாத்தீங்களா?"

"ஆங், பாத்தேன்."

"பன்னண்டு பத்துக்கு?"

"பாத்தேன்."

"நீங்க தொறந்து பாக்கறப்பல்லாம் வண்டி முழிச்சிக்குது சார். நிக்கிற வண்டில அப்படி இன்னாதான் பாக்கறீங்க?"

"அதுல வெளிய எவ்ளோ வெயில்னு காட்டும்" என்றார் பாவா. குரல் இறங்கிவிட்டது. "எங்க வூட்டு வாசல் வெயில். அவ்ளோதான். வேற ஒன்னும் தெரியறதில்ல."

பாய்க்கு டீ கொண்டுவந்த அக்கா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

பாய் அவளைப் பார்த்தார், போனைப் பார்த்தார். "வண்டில கோளாறு இல்லம்மா. சார் அங்கேர்ந்து எழுப்பி எழுப்பி வுடறாரு. பாக்காதீங்கன்னு சொல்லிடட்டுமா?"

அக்கா டீயைச் சுவர்மேல் வைத்தாள். போனை வாங்கி ஸ்பீக்கரை அணைத்தாள். "முப்பத்தொம்போது டிகிரி" என்றாள். பிறகு, "அங்க எவ்ளோ? சாப்ட்டியா?" உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நாங்கள் இருவரும் மீட்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். ஒன்றரை மணி நேரம் முள் அசையவில்லை.

"இருவது மில்லி" என்றார் பாய். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. வெயில் என்று சொன்னார்.

அதற்குப் பிறகு காலையும் மாலையும் அக்காதான் போன் செய்து வெயில் சொன்னாள். பேட்டரி ஒருநாளும் இறங்கவில்லை. பாவா பாதியிலேயே வேலையை விட்டு வந்துவிட்டார். அக்காவை முன் சீட்டில் உட்காரவைத்து மலைக்கு ஓட்டிப்போனார்.

பாய் இப்போது வாணியம்பாடியில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார், கடை பூட்டியிருக்கிறது. எனக்கு அந்தப் பக்கம் வேலை ஒன்றும் இல்லை. ஆனாலும் ஆபீஸ் முடிந்து தினமும் பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வருகிறேன்.